உச்சி உப்பிய கப்பாசிட்டர்

அக்கா இறந்து நான்காம் நாள்தான் தம்பிக்கு அந்த ஆக்சிஜன் மெஷினைத் திறக்க மனம் வந்தது. ஊரார் மெஷினையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு, இதன் நாலு திருகாணியைக் கழற்ற அரை மணி நேரம் பிடித்தது.

திறந்ததுமே தெரிந்துவிட்டது. பவர் போர்டில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சீராக்கும் கப்பாசிட்டரின் உச்சி உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. மூன்று மாதம் முன்பு அவனே மாற்றிப் போட்டது.

அன்று பட்டறை மேஜையில் மெஷின் மூடியைத் திறந்துவைத்து, பத்தே நிமிடம் ஓட்டி, புதுக் கப்பாசிட்டரின் மேல்தோல் சூட்டை அளந்தான். அறுபத்தைந்து டிகிரி. நூற்றைந்து டிகிரியில் இரண்டாயிரம் மணி நேரம் தாங்கும் சாமான் அது. பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும். "மூணு வருஷத்துக்குக் கவலையில்லக்கா, ராணி மாதிரி மூச்சு விடு" என்றான். அவளும் சிரித்தாள். பெரிய கணக்குப் புலி! பழையதைவிட இது ஒல்லி என்பதைக் கண் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை. மின்சாரத்தில் ஓயாமல் ஏறி இறங்கும் ரிப்பிள் உள்ளுக்குள்ளேயே சூட்டைக் கிளப்பும். ஒல்லிச் சாமான் அதில் எவ்வளவு தாங்கும் என்று கம்பெனி அட்டவணையில் தேட வேண்டும். அவன் தேடவில்லை.

அக்காவின் கணவர், மடித்த போர்வையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்.

"சத்தம் கேக்காம நான் தூங்கணும்னுதான் அவ இதை மெஷின் மேல போத்திவிடுவா. சூடேறித்தானே நின்னுச்சு? அலாரமும் இதுக்குள்ளயே அமுங்கிடுச்சு. நான் அடுத்த ரூம்ல கொறட்டை விட்டுட்டிருந்தேன். மறைக்காம சொல்லு."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், பழி முழுக்க அவர் தலையில் விழும். அது பாதி உண்மையும்கூட. அந்த ஒரு நொடி ஆசைப்பட்டதற்கே அவனுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

"இல்ல மாமா. பழசு இதே போர்வைக்குள்ள நாலு வருஷம் ஓடுச்சு. நான் போட்டதுதான் தாங்கல. என்னாலதான் அக்கா போயிட்டா." உப்பியதைப் போர்டோடு கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தான்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. அவன் கண்ணைத் துடைத்துவிட்டார். "உன் மனசு எனக்குத் தெரியும்டா. என்னைத் தேத்துறதுக்காகப் பழியை இழுத்துப் போட்டுக்காத."

அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். சொல்லச் சொல்ல அவர் அவனை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.