நெருப்பு சுடாத ஒன்றரை விரல்

1

இந்தக் கதை என் பொய்யில் பிறந்தது. முழுப் பொய் இல்லை. பாதி கண்டது, பாதி நானாகச் சேர்த்தது. வாரப் பத்திரிகையில் அரைப் பக்கம் காலியாக இருந்தது. திருப்பரங்குன்றம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜலால் பாய் கடையில் புரோட்டா போடும் கண்ணுச்சாமியைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். காய்ந்த கல்லில் வலது கையின் ஓரத்தை ஊன்றிக்கொண்டு அவர் என்னிடம் மழையைப் பற்றிப் பேசினார். முகம் சுளிக்கவில்லை. 'நெருப்பை வென்ற கை' என்று தலைப்பு வைத்தேன்.

(கையோரத்தில் இருந்த தழும்புகளைப் 'பதக்கங்கள்' என்று எழுதியிருந்தேன். அதை இன்றுவரை அடிக்க முடியவில்லை. அச்சாகிவிட்டது.)

2

முதல் ஆரம்பம்: 'கண்ணுச்சாமிக்கு வலி என்றால் என்னவென்றே...'

இல்லை. பல்வலிக்குக் கிராம்பு கடித்துக்கொண்டு கண்ணீரோடு மாவு பிசைந்தவர் அவர்.

இரண்டாம் ஆரம்பம்: பத்திரிகை வந்த வாரமே கடையில் கூட்டம்.

"மாஸ்டரண்ணே, இன்னொரு தடவ வைங்க! இவன் பாக்கலையாம்!"

"புரோட்டா திங்க வந்தீகளா, சர்க்கஸ் பாக்க வந்தீகளா மாப்ள?" என்றபடியே கண்ணுச்சாமி கையைக் கல்லில் வைத்தார். கூட்டம் கைதட்டியது. ஜலால் பாய் இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டார்.

இதையே வைத்துக்கொள்கிறேன். குற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

3

சைனப் என்ற நர்ஸ் எழுதிய கடிதம் வந்தது. 'ஐயா, வலிக்காத கை பலமான கை அல்ல. கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பாருங்கள்.'

நரம்பைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். (கதை மட்டும் வேண்டுவோர் அடுத்த எண்ணுக்குப் போகலாம். நான் போயிருந்தால் பெரிய அதிசயத்தைத் தவறவிட்டிருப்பேன்.) சூடு பட்டதும் கையை இழுக்கிறோமே, அது நாம் யோசித்துச் செய்வதல்ல. விரல் நுனியிலிருந்து சேதி நரம்பு வழியே ஓடி முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தை எட்டுகிறது. அது மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் 'இழு' என்று தசைக்குச் சொல்லிவிடுகிறது. மூளைக்கும் தகவல் போகிறது. ஆனால் நாம் 'அம்மா' என்பதற்குள் கை திரும்பி வந்திருக்கும். பதினைந்து வருடமாகத் தொடர்கதை எழுதுகிறேன். இவ்வளவு கச்சிதமாக ஒரு சம்பவத்தை நான் முடித்ததே இல்லை.

4

காலையில் கோழியிறகு ஒன்றோடு கடைக்குப் போனேன்.

"கண்ண மூடிக்கங்க மாஸ்டர். தொட்டதும் சொல்லுங்க."

கட்டைவிரல். "தொட்டீக." ஆள்காட்டி விரல். "தொட்டீக." நடுவிரல். "கூசுதுண்ணே!" மோதிர விரலின் ஒரு பாதி. "தொட்டீக."

மறுபாதி. பதில் இல்லை. சுண்டுவிரலில் மூன்று முறை தடவினேன். உள்ளங்கையின் ஓரத்தை என் நகத்தாலேயே அழுத்தினேன்.

"எப்பண்ணே தொடப் போறீக?" என்றார், கண்ணைத் திறக்காமல், சிரித்தபடி.

(இங்கே அவர் முகத்தை வர்ணித்து ஆறு வரி எழுதி அடித்துவிட்டேன்.)

ஜலால் பாய் புரோட்டா திருப்பும் கரண்டியைக் கீழே வைத்தார். "யா அல்லா! இதுக்கா நான் பெஞ்சு வாங்கிப் போட்டேன்?"

5

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பதிமூன்று வயதில் உசிலம்பட்டியில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்து கண்ணுச்சாமிக்கு வலது முழங்கை முறிந்ததாம். எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கிறது. முழங்கையின் உட்பக்கம் எங்காவது இடித்தால் சுண்டுவிரல் வரை சுர்ரென்று ஓடுமே, அந்த நரம்புதான். கோணல் எலும்பின் மேல் இத்தனை வருடம் இழுபட்டு நைந்துவிட்டது. அதன் ஆட்சி மோதிர விரலின் பாதியோடு முடிகிறது, மறுபாதி வேறொரு நரம்பைச் சேர்ந்தது என்றார் டாக்டர்.

கண்ணுச்சாமி தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு வெரலுக்குள்ள வரப்புப் போட்டுல்ல பிரிச்சிருக்கு!"

அறுவை சிகிச்சை செய்து நரம்பை இடம் மாற்றி வைக்கலாம். விட்டால் விரல்கள் மடங்கி, பிறகு மாவே பிடிக்க வராது.

"சரியாயிட்டா சுடுமேண்ணே," என்றார் கண்ணுச்சாமி. "அம்புட்டுச் சனமும் இந்தக் கையப் பாக்கத்தான வருது? நீங்கதான எழுதுனீக?"

ஜலால் பாய் முந்திக்கொண்டார். "கை பாக்க வாரவன் ஒத்த டீயக் குடிச்சுப்புட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருக்கான். எனக்குப் புரோட்டா திங்கிறவன் போதும். போய்ப் படுய்யா ஆஸ்பத்திரிக் கட்டில்ல!"

6

பத்திரிகைக்கு ஏற்ற முடிவு: மூன்றாம் மாதம் சுண்டுவிரல் கல்லில் படுகிறது. "சுட்டுருச்சுண்ணே!" என்று ஆனந்தமாகக் கூவுகிறார்.

இன்னொரு முடிவு: உணர்ச்சி திரும்பவே இல்லை. விரல்களின் காவல் வேலையைக் கண்கள் பார்த்துக்கொள்கின்றன.

இரண்டும் இன்னும் நடக்கவில்லை. நைந்த நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். முழங்கையிலிருந்து சுண்டுவிரலுக்கு ஏறக்குறைய ஒரு வருடப் பயணம். அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம் ஆகிறது. என் கதையின் முடிவு அவர் கைக்குள், மணிக்கட்டுக்குக்கூட வந்து சேராமல், தன் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. அவசரப்படுத்த எந்த ஆசிரியராலும் முடியாது.

ஞாயிறுதோறும் இறகோடு போகிறேன். போன வாரம் கண்ணை மூடினார். நெற்றி சுருங்கியது. முகம் மலர்ந்தது.

"தொட்டீகண்ணே! சுண்டுவெரல்ல!"

நான் இன்னும் தொடவில்லை.

ஜலால் பாய் என்னைப் பார்க்கிறார். இந்தக் கைக்கு ஏற்கெனவே ஒரு பொய் எழுதியவன் நான்; 'ஆமாம்' என்றால் இது இரண்டாவது. கண்ணுச்சாமி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. இந்தாருங்கள் வாசகரே, இறகை நீங்கள் பிடியுங்கள்.