மரண வீடு – இரண்டு நாள்

கிருஷாந்தினி கட்டுமான முகாமைத்துவ டிப்ளோமாவின் இரண்டாம் வருடத்தில் இருந்தாள். ஆறு மாதக் களப் பயிற்சிக்கு அவளை மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலயில் ஒரு கட்டட சைட்டுக்குப் போட்டார்கள். பிரதான வீதியோரத்தில் ஹாஷிம் முதலாளி கட்டிக்கொண்டிருந்த கல்யாண மண்டபம் அது. முதலாளி மிளகு, கராம்பு வியாபாரி. அந்த மண்டபத்தில் நடக்கிற முதல் கல்யாணம் தன் மகள் றிப்னாவுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று செப்டம்பரில் ஒரு தேதியையும் ஊருக்கே சொல்லிவிட்டார். மண்டபத்துக்கு அப்போது சிலாப், அதாவது மேல்தளம், கிடையாது. தூண்கள் மட்டும் கம்பியை நீட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றன.

முதல் நாள் அவள் ஒரு சுருளோடு வந்தாள். நான்கு பிரிஸ்டல் போர்ட் அட்டைகளை ஒட்டி, மூன்று இரவு உட்கார்ந்து கீறிய வேலை அட்டவணை. பலகை அடிப்பது பச்சை, கம்பி கட்டுவது நீலம், கொங்கிறீட் போடுவது சிவப்பு. சைட் முகாமையாளர் இராசலிங்கம் அதை விரித்துப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடமாக மாத்தளையில் குடியிருந்தாலும் பேச்சு மட்டும் இன்னும் அங்கேயே இருந்தது.

“வடிவாய்த்தான் இருக்கு பிள்ளை,” என்றார். “கொட்டிலுக்குள்ள ஒட்டி வையும். மழை ஒழுகாத பக்கமாப் பார்த்து ஒட்டும்.”

ஒட்டிய மறுநாளே அட்டவணை பொய்த்தது. கம்பி கட்டுகிற நான்கு பேர் வரவில்லை.

“மரண வீடு மிஸ்,” என்றார் சசிக்குமார். அவர்தான் தலைமை மேசன். எல்லோரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அடுத்த வாரம் பலகை அடிக்கிற இரண்டு பேர். அதுவும் மரண வீடு. அதற்கடுத்த வாரம் மூன்று பேர் இராசலிங்கத்திடம் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனார்கள். கிருஷாந்தினி அந்த மாதம் அனுதாபம் சொன்ன அளவுக்குத் தன் வாழ்நாளில் எப்போதும் சொன்னதில்லை. லீவு விஷயத்தில் இராசலிங்கம் சேருடைய சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காய்ச்சல் என்றால் பனடோல் கொடுப்பார். கல்யாணம் என்றால் ஞாயிற்றுக்கிழமை போ என்பார். செத்தவீடு என்றால் மட்டும் ஒன்றும் பேசாமல் தலையாட்டுவார்.

அட்டவணை பொய்ப்பது அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது. யட்டவத்தைக்கு மேலே இருக்கிற தோட்டத்தில், மகள் எஞ்சினியராகப் போகிறாள் என்று அவளுடைய அம்மா தொழிலாளர் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எஞ்சினியர் வேறு, முகாமைத்துவம் வேறு என்று கிருஷாந்தினி விளக்கிப் பார்த்து, கடைசியில் விட்டுவிட்டாள்.

ஒரு தாமதம் திரும்பத் திரும்ப வந்தால் அது தற்செயல் இல்லை, அதையும் கணக்கில் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அது ஞாபகம் வந்ததும் அவள் ஜனவரியிலிருந்து உள்ள வரவுப் புத்தகத்தை எடுத்து, சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து எண்ணினாள். ஐந்து மாதத்தில் பதினொரு மரண வீடுகள். ஒவ்வொன்றுக்கும் சராசரியாக இரண்டு நாள். ஜூன் இருபத்து நாலாம் தேதி மேல்தளத்துக்குக் கொங்கிறீட் போட வேண்டும். அதற்கு முன்னால் எப்படியும் ஒன்று வரும் என்று கணக்குச் சொன்னது.

அவள் இரண்டாவது அட்டவணை கீறினாள். பௌர்ணமி விடுமுறையான போயா தினம், கோயில் திருவிழா எல்லாவற்றையும் சேர்த்தாள். ஜூன் பதினேழு, பதினெட்டில் கறுப்பு நிறத்தில் ஒரு பெட்டி போட்டு, அதற்குள் அழகான கையெழுத்தில் எழுதினாள்: ‘மரண வீடு – 2 நாள்.’

காலைத் தேத்தண்ணி நேரத்தில் சசிக்குமார் பாஸ் அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். ஆட்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

“யாரு மிஸ்?” என்று கேட்டார்.

“யாருன்னு தெரியாது பாஸ். சராசரி.”

“எந்தத் தோட்டத்துச் சராசரி?”

“ஐயோ, ஆளு இல்லைங்க. பொதுவா யாராவது ஒருத்தர்.”

“பொதுவா யாரும் சாக மாட்டாங்களே மிஸ். யாராவது ஒருத்தர் வீட்டுலதானே சாவாங்க.”

அன்று பகல் வேலை சரியாக நடக்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் சொந்தத்தில் யார் படுக்கையில் கிடக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சாரக்கட்டின் மேல் நின்றபடியே அம்மாவுக்குப் போன் எடுத்து, “பிரஷர் குளுசை போட்டியா?” என்று கத்தினார். சசிக்குமார் மண் குவியலுக்குப் பின்னால் போய் நின்று நீண்ட நேரம் யாரிடமோ மெதுவாகப் பேசிவிட்டு வந்தார்.

பின்னேரம் ஹாஷிம் முதலாளி மனைவி ஸஹ்ராவோடு வந்தார். கதவு எங்கே வரும், மேடை எங்கே வரும் என்று காட்டிவிட்டுக் கொட்டிலுக்குள் நுழைந்தார்கள். ஸஹ்ராவின் கண்ணில் முதலில் பட்டதே கறுப்புப் பெட்டிதான்.

“யா அல்லாஹ்! யாரு மவுத்தாகப் போறாங்க?” என்றார். “எங்கட உம்மா ரெண்டு மாசமா சொகமில்லாம ஈக்கிறாங்க. ஆரு சொன்ன இவங்களுக்கு?”

“இது வெறும் கணக்கு மெடம்,” என்றாள் கிருஷாந்தினி. அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“மகள், கல்யாண மண்டபம் கட்டுற எடத்துல இப்படியா எழுதி வைக்கிற?” என்றார் முதலாளி. கோபத்தைவிட அவருக்குப் பயம்தான் கூடுதலாக இருந்தது.

அவர்கள் போன பிறகு இராசலிங்கம் சேர் வந்து சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“பிள்ளை, உந்தப் பெட்டிக்கு வேற ஏதும் பேர் வையும்.”

அவள் வெள்ளைத்தாள் ஒட்டி ‘எதிர்பாராத நிகழ்வு’ என்று எழுதினாள். அது இன்னும் மோசமாகிவிட்டது. மறைத்து எழுதியிருப்பதால் விஷயம் நிச்சயம்தான் என்று எல்லோரும் முடிவுக்கு வந்தார்கள். அவள் சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். பயிற்சியிலிருந்து திருப்பி அனுப்பினால் அம்மா லயத்தில் எப்படித் தலைகாட்டுவாள் என்றுதான் முதலில் நினைத்தாள். சுவரில் ஒட்டிய கடுதாசிக்கு ஆட்கள் இவ்வளவு பயப்படுவார்கள் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லையே என்று அடுத்ததாக நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, பத்து மணியளவில், நாவுல பஸ்ஸிலிருந்து ஒரு கிழவர் இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் குடை. வீதியைக் கடந்து நேராகச் சைட்டுக்குள் வந்தார்.

“யாரும்மா இங்க சாவுக்கு நாள் குறிக்கிறவ?”

அவர் பெயர் இருளாண்டி. வயது எண்பத்து மூன்று. சசிக்குமாருடைய பெரியப்பா. கறுப்புப் பெட்டியைப் பார்த்த அன்று சசிக்குமார் நாவுலயில் இருக்கிற அவருடைய மகள் ரஜனிக்குப் போன் எடுத்து, இந்த மாதம் முடியும்வரை பெரியப்பாவை வெளியில் விட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ரஜனி அவருடைய செருப்பை ஒளித்து வைத்தாள். காரணம் கேட்டுக் கேட்டு, கடைசியில் உண்மையைப் பிடுங்கிக்கொண்டு, மருமகனின் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார் கிழவர்.

“என்னைய அந்தக் கட்டத்துலேருந்து எடு,” என்றார்.

“ஐயா, அதுல ஒங்க பேரே இல்லைங்க.” கிருஷாந்தினி அவருக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டாள். “ஜனவரியிலேருந்து இங்க நடந்த சாவை வச்சுப் போட்ட கணக்கு இது. இந்தாங்க, புத்தகத்தையே காட்டுறேன்.”

“மிஸ், கம்பி லொறி வந்திருச்சு,” என்றார் சசிக்குமார்.

லொறி எதுவும் வரவில்லை. அவள் புத்தகத்தைப் புரட்டி வாசிக்கத் தொடங்கினாள். இதுவரை எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்திருந்தாள். காரணம் என்ற பத்தியை நிதானமாக வாசிப்பது இதுதான் முதல் தடவை.

“பெப்ரவரி பதினொன்னு. சசிக்குமார். நாவுல பெரியப்பா மரணம். ரெண்டு நாள்.”

வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவளுக்கு விளங்கியது. வேலையாட்கள் ஒவ்வொருவராகக் கொட்டில் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

“நாவுலயில இவனுக்கு எத்தனை பெரியப்பன்?” என்று கேட்டார் கிழவர்.

எல்லோரும் சசிக்குமாரைப் பார்த்தார்கள்.

“இன்னும் இருக்கா? வாசிம்மா.”

“ஏப்ரல் இருபத்தெட்டு. சசிக்குமார். நாவுல பெரியப்பா மரணம். மூணு நாள்.”

“மொதத் தடவை ரெண்டு நாள்தானா?” கிழவர் உண்மையிலேயே மனம் நொந்து கேட்டார். “ஏன்டா, என்னைய எரிச்சியா, பொதைச்சியா?”

“பெரியப்பா, கோவிச்சுக்காதீங்க,” என்றார் சசிக்குமார். “பெப்ரவரியில தர்ஷிகாவ ஸ்கூல்ல சேர்க்கணும்னு போனேன். ஏப்ரல்ல ஒங்க வயலுக்குத்தானே வந்தேன். வெதச்சு முடிச்சதும் நீங்கதானே சோறு போட்டீங்க.”

“செத்தவன் கையாலயே சோறு வாங்கித் தின்னிருக்கான்,” என்று கிழவர் கொட்டிலில் இருந்த எல்லோருக்கும் அறிவித்தார்.

சத்தம் கேட்டு இராசலிங்கம் சேர் உள்ளே வந்தார். யார் இவர் என்று கேட்டார். நாவுல பெரியப்பா என்று யாரோ சொன்னதும் அவருடைய முகம் மாறியது.

“பெப்ரவரியில செத்தவரோ? உங்களுக்கு நான் பனர் அடிச்சுக் குடுத்தனான்!”

“பனரா?”

“ஓம். பெரிய பனர். கண்ணீர் அஞ்சலி எண்டு. கொம்பனி பேரிலை.”

“என்னா எழுதியிருந்தீங்க?”

சேர் தடுமாறினார். “‘ஈடுசெய்ய முடியாத பேரிழப்பு’ எண்டு எழுதினாங்கள்.”

கிழவர் அதை மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. கோபம் கொஞ்சம் இறங்கியது. “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க,” என்றார். பிறகு சசிக்குமார் பக்கம் திரும்பி, “அது எங்கடா?” என்றார்.

“கோழிக் கூட்டுக்கு மேல கட்டியிருக்கேன் பெரியப்பா. மழைக்கு நல்லா இருக்கு.”

அதோடு எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததும் பயம் போய்விட்டது. கம்பி கட்டுகிற ஒருவர் தானாகவே முன்னால் வந்து, மார்ச் மாதம் செத்த தன் மாமியார் கண்டியில் சுகமாக இருக்கிறார் என்றார். இன்னொருவர் தன் சின்னம்மாவை உயிரோடு மீட்டுக்கொண்டார். கிருஷாந்தினி சிவப்புப் பேனாவால் வெட்டிக்கொண்டே வந்தாள். பதினொன்று நாலாகக் குறைந்தது.

“ஏன்டா இப்பிடிப் பொய் சொன்னனீங்கள்?” என்றார் சேர்.

சசிக்குமார்தான் சொன்னார். “உண்மையச் சொன்னா விட மாட்டீங்களே சேர். யாராவது செத்தாத்தானே லீவு.”

சேர் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப ஏழு தரம் நான்தான் ஆக்களைச் சாகடிச்சிருக்கிறன்,” என்றார் கடைசியில்.

கிழவர் போகும்போது சேரே வீதிவரை வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

ஆனால் அடுத்த நாள் கிருஷாந்தினி போய், லீவு வேண்டியவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே, என்ன காரணமானாலும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும் என்று கேட்டபோது, சேர் உடனே சம்மதிக்கவில்லை. எல்லோரும் ஒரே நாளில் எழுதினால் என்ன செய்வது என்றார்.

“எழுதினா முன்னுக்கே தெரியுமே சேர். இப்ப காலையில ஏழரைக்குத்தான் தெரியுது.”

இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள் அவராகவே ஒரு எண்பது பக்கக் கொப்பியும், நூலில் கட்டிய பேனாவும் கொண்டு வந்து கொட்டில் வாசலில் தொங்கவிட்டார்.

முதல் வாரம் எல்லோரும் தயங்கினார்கள். பிறகு எழுதத் தொடங்கினார்கள். ‘பல்லுப் பிடுங்க’ என்று ஒருவர் எழுதினார். ‘மனைவி கோபம்’ என்று இன்னொருவர் எழுதினார். ‘சும்மா’ என்றுகூட ஒருவர் எழுதினார். சேர் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தாரே தவிர, வெட்டவில்லை. கிருஷாந்தினி கொப்பியைப் பார்த்து மூன்றாவது அட்டவணையைப் பென்சிலால் கீறினாள். ஜூன் இருபத்து நாலில் ஏற்கனவே நான்கு பேர் எழுதியிருந்தார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். மூன்று பேருக்குத் தேதியை மாற்ற முடிந்தது. நாலாமவருக்கு முடியவில்லை. அதனால் மேல்தளத்தை ஒரு நாள் பின்னால் தள்ளி, இருபத்தைந்துக்கு வைத்தாள். அதைச் சேரிடம் போய்ச் சொன்னாள். அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, “சரி, லொறிக்காரருக்குச் சொல்லும்,” என்றார். ஒரு முடிவை அவள் எடுத்து, அதை இன்னொருவர் நடத்தி வைத்தது அதுதான் முதல் தடவை.

இருபத்தைந்தாம் தேதி வேலையாட்கள் இருபத்து மூன்று பேரும் வந்திருந்தார்கள். முதல் கொங்கிறீட் லொறி ஆறே முக்காலுக்கே வந்துவிட்டது. டிப்ளோமா விரிவுரையாளர் சிவதர்ஷினி மிஸ்ஸும் அன்று பார்த்துத்தான் மதிப்பீட்டுக்கு வந்தார். கிருஷாந்தினிக்கு அவரோடு நின்று பேச நேரமில்லை. பயிற்சிக் குறிப்பேட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறிவிட்டாள். கொட்டிலுக்குள் இருந்து வாசித்த சிவதர்ஷினி மிஸ் ஓரிடத்தில் சிரிக்க, வெளியில் நின்ற லொறிச் சாரதி எட்டிப் பார்த்தான்.

மேலே அவள் கத்த வேண்டியிருந்தது. மெதுவாகச் சொன்னால் இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது லொறிக்குப் பிறகு அவளுக்கே கூச்சம் போய்விட்டது. “அந்த மூலைய விட்டுட்டீங்க பாஸ்! திரும்ப வாங்க!” என்று கத்தினாள். சசிக்குமார் பாஸ் திரும்பி வந்தார். பகல் ஹாஷிம் முதலாளி எல்லோருக்கும் புரியாணி கொண்டு வந்தார். ஸஹ்ரா அவளுக்கென்று தனியாக ஒரு பார்சல் கட்டி அனுப்பியிருந்தார். அதற்குள் இரண்டு முட்டை இருந்தது. நாலு மணிக்கு மேல்தளம் முடிந்தது. ஈரமாக, சாம்பல் நிறத்தில், ஒரு காலடிகூடப் படாமல் விரிந்து கிடந்ததை அவள் ஏணியின் கடைசிப் படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே வரச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

மாத்தளை பஸ்ஸில் ஏறியபோது அவளுடைய சப்பாத்து இரண்டும் கல்லாக இறுகி, படியில் டக் டக் என்று சத்தம் போட்டன. வயதான கொண்டக்டர் அவளுடைய காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

“என்னம்மா கால்ல, சீமெந்தா?”

“ஆமாங்க,” என்றாள். “நாங்க இன்னைக்குச் சிலாப் போட்டோம்.”

அவர் டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, முன் சீட்டில் இருந்த பையைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தார். அவள் உட்கார்ந்து, பஸ் முதல் வளைவு திரும்புவதற்குள் தூங்கிப்போனாள்.