ஐந்து டிகிரிச் சரிவு

அக்கா வெளியே போவதை நிறுத்தியதற்குக் காரணம் அவள் கால்கள் அல்ல, தம்பியின் கைகள். விபத்துக்குப் பிறகு அவளுக்குச் சக்கர நாற்காலிதான் என்றாகிவிட்டது. வாசலில் மூன்று படி. போகும்போதும் வரும்போதும் தையல்காரத் தம்பி அவளைக் குழந்தை மாதிரி தூக்கினான். தெருவே வேடிக்கை பார்த்தது. ஒருநாள், "நானா இறங்கிப் போக வழி இருந்தா சொல்லு. இல்லன்னா ஆளை விடு" என்று சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்தவள்தான், அப்புறம் வாசல் பக்கமே வரவில்லை.

தம்பிக்கு மனசு கேட்கவில்லை. தச்சரைக் கூப்பிட்டுக் குத்துமதிப்பாக ஒரு சரிவுப் பலகை போட்டான். அக்காவுக்கு முன்னால் தானே நாற்காலியில் உட்கார்ந்து ஏறிப் பார்த்தான்; பாதி ஏறியதும் நாற்காலி பின்னால் சறுக்கியது. நல்லவேளை, சக்கரத்தைப் பிடித்துவிட்டான். நாற்காலிக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அவங்களே தள்ளி ஏறணும்னா சரிவு அஞ்சு டிகிரிக்கு மேல போகக்கூடாதுங்க." தச்சரோ, "நீளத்தைச் சொல்லுங்க, அறுத்துத் தர்றேன். டிகிரி கிகிரியெல்லாம் எனக்கு ஆகாது" என்று கைவிரித்துவிட்டார்.

ஆக, கணக்கு தம்பி தலையில் விழுந்தது. பள்ளியில் கணக்கு வகுப்பு என்றாலே அவன் நழுவிவிடுவான். பழைய பாடப்புத்தகம் வாங்கி முக்கோணவியலைத் திறந்தால் சைன், காஸ், டேன் என்று என்னென்னவோ. பின்னமே மறந்துபோன ஆளுக்கு இதெல்லாம் மண்டையில் ஏறுமா? வெட்கத்தை விட்டு ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தான். கடையில் வெட்டிப்போட்ட துணியிலெல்லாம் சாக்பீஸ் முக்கோணம். "என்ன டெய்லரே, புது மாடலா?" என்று வாடிக்கையாளர்கள் கிண்டலடித்தார்கள். தட்டுத்தடுமாறி ஒருநாள் பிடிபட்டது: படியின் உயரத்தை டேன் ஐந்து டிகிரியால் வகுத்தால், தரையில் எவ்வளவு இடம் வேண்டும் என்று வந்துவிடும். அட, இவ்வளவுதானா என்றிருந்தது அவனுக்கு.

மூன்று படியின் மொத்த உயரத்தை அளந்தான். ஐம்பத்து மூன்று சென்டிமீட்டர். வகுத்தால் ஆறு மீட்டருக்கு மேல் போயிற்று. படியிலிருந்து கேட்டுக்கோ ஆறு மீட்டர்கூட இல்லை. மறுபடி மறுபடி போட்டான், அதே விடை. கணக்குச் சரிதான், அதுதான் வயிற்றெரிச்சல்.

"விட்றா, பரவால்ல" என்றாள் அக்கா. அவன் முகம் தொங்கியதைப் பார்த்துத் தாங்காமல் நாற்காலியை வாசல்வரை உருட்டி வந்தாள். "எங்க, என் எதிர்ல ஒரு தடவை அள."

கழுத்திலிருந்த டேப்பை எடுத்துப் பிடித்தான். "அம்பத்தி மூணு."

"டேப்புல அம்பதுதானே இருக்கு?"

"அம்பதுதான். மேல கீழ மடிச்சுத் தைக்க மூணு விட..." சொல்லிக்கொண்டிருந்தவன் டேப்பை மறுபடி பார்த்தான்.

"இது பேண்ட் இல்லடா, படி" என்றாள் அக்கா. சொன்னவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஐம்பதை வைத்துப் போட்டால் கேட்டுக்கு முன்னாலேயே சரிவு முடிந்தது.

தச்சர் சரிவுப் பாதையைப் போட்டு முடித்த அன்று, கீழே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான் தம்பி.

"கையை எடு" என்றாள்.

எடுத்தான். சக்கரங்களைப் பிடித்துப் பிடித்து விட்டபடி அவள் நிதானமாக இறங்கினாள். கேட்டில் திரும்பிக்கொண்டு அதே சரிவில் ஒரு தடவை ஏறிக் காட்டிவிட்டு, மறுபடி இறங்கித் தெருவுக்குப் போய்விட்டாள். 'எங்க போற' என்ற கேள்வி அவன் தொண்டைவரை வந்தது. மென்று விழுங்கினான். விபத்துக்குப் பிறகு முதல்முறையாக, அக்கா எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.