தட்டுக்காரி மணிக்கட்டைப் பிடிக்கும்வரை

எங்கள் ஊர், மீன் வெட்டும் சவரிமுத்துவின் இடது அக்குளில் இருக்கிறது. இங்கே காவல் அணுக்களான எங்கள் எல்லோருக்கும் உள்ளங்கையில் ஒரு பள்ளம் உண்டு. உலகத்தில் ஒரே ஒரு துண்டுதான் அதில் பொருந்தும். எது என்று முன்கூட்டித் தெரியாது. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளியில், சவரிமுத்துவின் சொந்தச் சதையை இறுக்கிப் பிடித்த பிள்ளைகள் தேர்வில் தோற்றார்கள். எதையுமே பிடிக்காதவர்களும் தோற்றார்கள். நூற்றுக்கு இரண்டு பேர் தேறினோம். மற்றவர்களைப் பற்றிக் கேட்பது வழக்கமில்லை.

உடம்புக்குள் நுழையும் கிருமிதான் எதிரி; அவனை முழுசாகக் காட்டினால் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. தட்டுக்காரிகள்தான் எல்லைக்குப் போய், அவனை மென்று, ஒரு துண்டைத் தட்டில் வைத்து எடுத்து வருவார்கள். தட்டும் இந்த உடம்பின் தட்டாக இருக்க வேண்டும். துண்டு யார் கையில் பொருந்துகிறதோ, அவர் மணிக்கட்டைத் தட்டுக்காரி மறுகையால் பிடிப்பாள். பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால் மரத்துப்போவோம். பிச்சாண்டிக்கு அப்படித்தான் ஆனது. அவன் துண்டு வந்த அன்று தட்டுக்காரி பராக்குப் பார்த்துவிட்டாள். இப்போது அதே துண்டை மடியில் வைத்தாலும் அவன் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

நான் விளையாட்டுக்கு, எங்கள் தட்டுக்காரி ரஞ்சிதம் அக்காவின் குரலில் ஏழு முறை, "சரக்கு வந்திருக்கு, வரிசையா வாங்க!" என்று கூவியிருந்தேன். ஏழு முறையும் ஊரே வரிசையில் நின்றது. இரண்டு முறை நானே, "பொருந்திடுச்சு!" என்று துள்ளியும் காட்டினேன்.

எட்டாவது முறை கூவியது ரஞ்சிதம் அக்காவேதான். யாரும் எழுந்திருக்கவில்லை.

"போடி, வேற வேலையில்ல உனக்கு" என்றாள் பக்கத்து வீட்டுக் கோமளா, என்னைப் பார்த்து.

கூவியது நான் இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் போனேன்.

"சவரிமுத்து கையில கெளுத்தி மீன் முள்ளு குத்தியிருக்கு" என்றாள் ரஞ்சிதம் அக்கா. "கட்டைவிரலு பூசணிக்காயாட்டம் கெடக்கு. வீக்கம் மணிக்கட்டைத் தாண்டிருச்சு. ஆளைக் கூப்பிட்டா நீ வந்து நிக்கிறே."

தட்டில் இருந்த துண்டின் மேல் கையை வைத்தேன். பொருந்தியது.

"நடிக்காதடி. எடு கையை."

"மாட்டேன்" என்றேன். அது கோமளாவின் குரலில் வந்தது.

"உன் குரல்ல சொல்லு, நம்புறேன்."

எனக்கென்று ஒரு குரல் இருந்ததில்லை. வாயை மூடிக்கொண்டு பிடித்தேன். பொருந்தாத கை கால் நிமிஷத்தில் வழுக்கிவிடும், அது அவளுக்கும் தெரியும். கால் நிமிஷம் போனது. அவள் மறுகையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என் விரல்கள் மரத்தன. இழுத்துக்கொண்டால் நான் பிழைப்பேன். தட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். அதற்குள் சவரிமுத்துவின் கை போய்விடும். மரப்பு முழங்கைக்கு ஏறியது. பிச்சாண்டிக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருப்பது ஞாபகம் வந்தது. இன்னும் இறுக்கினேன். தோள்வரை மரத்தது.

"வழுக்கலையே" என்றாள் ரஞ்சிதம் அக்கா. என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மறுநாள் இரண்டானேன். பிறகு சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்து நான்கு, எட்டு, பதினாறு. ஐந்தாம் நாள் ஊர் கொள்ளவில்லை. சவரிமுத்து அக்குளைத் தடவிப் பார்த்து, "நெல்லிக்காயாட்டம் ஏதோ இருக்கு" என்று மனைவியிடம் சொன்னார். நாங்கள் கோமளாவின் வீட்டுக்குள்ளும் நின்றோம்.

"ஒருத்தியையே தாங்க முடியல" என்றாள் அவள், நகர்ந்து இடம்விட்டு.

கிளம்பிக் கட்டைவிரலை அடைந்தோம். நான்கு நாள் யாரும் உட்காராமல் கிருமிகளை ஒழித்தோம். ஐந்தாவது நாள் சவரிமுத்து விரலை மடக்கினார். மடங்கியது. ஒரு வஞ்சிரத்தை எடுத்துத் துண்டு போடத் தொடங்கினார்.

வேலை முடிந்ததால், முறைப்படி, எங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் செத்துப்போனோம். நானும் செத்தேன். மீதி ஐந்து பேரும் நான்தான் என்பதால், எழுந்து ஊருக்கு நடந்தேன்.