இரண்டு அறை, ஒரு ஹீட்டர்

1

இந்தக் கதை எனக்குக் கால் வழியாக வந்தது. மிகைப்படுத்தவில்லை. நாரின் என்ற மலையூரில் எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடி என்னுடையது. எனக்கு நேர் கீழே கலிப்பாவும் ஜுமாதிலும். கீழ்வீட்டில் எந்த அறையில் ஹீட்டர் ஓடுகிறதோ, அதற்கு மேலே என் தரை கொஞ்சம் கனிவாக இருக்கும். ஹீட்டர் ஓடாத அறையில் தரை கடிக்கும். அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் என் இரண்டு அறைகளும் கனிவாக இருந்தன. பிறகு திடீரென்று ஒன்று மட்டும். காலுறையைக் கழற்றிவிட்டு இங்கும் அங்கும் நடந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. விவாகரத்து வாங்கிய இரண்டு பேர் கீழே ஒரே அறையில் இருக்கிறார்கள்.

எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

எழுதி அடித்த முதல் வரிகள்:

"நாரினுக்குக் குளிர் வந்தபோது அந்த வீட்டிலிருந்து காதல் போய்விட்டிருந்தது" [அடித்தேன். இதைக் கலிப்பா படித்தால் மாடிப்படியில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பாள்.]

"மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பல வழிகள் உண்டு. முதல் வழி, கட்டினவரைப் பிரியாமல் இருப்பது" [எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் இது அறிவுரை மாதிரி இருக்கிறது. யாருக்கும் அறிவுரை சொல்லும் நிலையில் நான் இல்லை.]

"ஜுமாதில் பேசாத மனிதர்." இது நிற்கட்டும்.

2

ஜுமாதில் பேசாத மனிதர். நாரினுக்கும் தலைநகருக்கும் இடையே வேன் ஓட்டுகிறார். பயணிகள் வழி நெடுகப் பேசுவார்கள், பாடுவார்கள், சண்டை போடுவார்கள். அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஓட்டுவார். கலிப்பா* தபால் நிலையக் கவுன்ட்டரில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுகிறவள்.

[* ஆமாம், கலிப்பா. நம் யாப்பில் துள்ளலோசைக்கு உரிய பா. இவள் பெயருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் இவள் பேச்சை ஒருமுறை கேட்டால் தொடர்பு இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும்.]

இலையுதிர் காலத்தில் நீதிமன்றத்தில் நடந்ததைக் கலிப்பாவே எனக்குச் சொன்னாள். நீதிபதி ஒரு பெண்மணி.

"குடிக்கிறாரா?"

"இல்லம்மா."

"கை நீட்டுறாரா?"

"சேச்சே."

"வேற பொம்பள சகவாசம்?"

"அதுக்கும் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசணுமேம்மா!"

"பின்னே என்னதான் குறை?"

"வர்றாரு, சாப்பிடுறாரு, தூங்குறாரு, போறாரு. மக மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனதுலேர்ந்து எங்க வீட்டுல சத்தம் போடுறது ஃப்ரிட்ஜ் ஒண்ணுதான். தனியா இருக்கறதுன்னு ஆயாச்சு, அதை ஒழுங்காத் தனியாவே இருந்துடறேனே."

நீதிபதி ஜுமாதிலைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாராம்.

"சரி" என்றாராம் ஜுமாதில்.

அதோடு முடிந்தது.

வீடு இருவர் பெயரிலும் இருந்தது. குளிர்காலத்தில் நாரினில் யாரும் வீடு வாங்க வரமாட்டார்கள். வசந்தத்தில் விற்றுவிட்டு அவரவர் வழியில் போவது என்று பேச்சு. அதுவரை பெரிய அறை அவளுக்கு, சின்ன அறை அவருக்கு, சமையலறை முறை வைத்து. பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதையும் கலிப்பா நிறுத்திவிட்டாள். பயணிகள் கூப்பிடுகிற மாதிரி "டிரைவர் அண்ணே" என்றாள். "டிரைவர் அண்ணே, சோப்பு தீந்து போச்சு." "டிரைவர் அண்ணே, உங்க பூட்ஸ் நடுவழியில கிடக்கு." கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது.

3

சுவரோரத்து வெந்நீர்க் குழாய்கள் எங்கள் கட்டடத்தில் பெயருக்குத்தான். கையை வைத்தால் உயிர் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஹீட்டர் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் கரண்ட் விலை எகிறிவிடும். கீழ்வீட்டில் இரண்டு அறை, இரண்டு ஹீட்டர், ஒரே மீட்டர். முதல் பில் வந்த அன்று கலிப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தவள், வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

ஆனால் அவர்களை ஓர் அறைக்குத் தள்ளியது பில் அல்ல. சல்தனாத் அக்கா.

எங்கள் கட்டடத்து வயரெல்லாம் பழசு. கீழ்வீட்டில் இரண்டு ஹீட்டரும், யார் வீட்டிலாவது ஒரு கெட்டிலும் சேர்ந்தால் படிக்கட்டு முழுவதும் இருண்டு போகும். மூன்றாவது தடவை அப்படி ஆனபோது முதல் மாடி சல்தனாத் அக்கா கையில் டார்ச்சோடு ஏறி வந்தார். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு.

"கலிப்பா! விவாகரத்து உங்க ரெண்டு பேருக்கா, இந்தப் படிக்கட்டுக்கே சேர்த்தா? நீங்க பிரிஞ்சதுக்கு நாங்க ஏன் இருட்டுல உக்காரணும்?"

"என் அறையை நான் குளிர விடமாட்டேன்க்கா. அவரை அணைக்கச் சொல்லுங்க."

ஜுமாதில் பேசாமல் தன் அறைக்குப் போய் வயரைப் பிடுங்கிச் சுருட்டி, ஹீட்டரை எடுத்து வந்து அலமாரி மேல் வைத்தார். கோட்டை மாட்டிக்கொண்டு மறுபடி அறைக்குள் போனார்.

"விறைச்சே செத்துடுவாரு" என்றார் சல்தனாத் அக்கா. "உன் அறையில ஒரு ஓரமாப் படுக்கச் சொல்லு."

"ஐயய்யோ! அது எப்படிக்கா?"

"பேசமாட்டேங்கிறாருன்னுதானே பிரிஞ்ச? பேசாத ஆளு ஒரு மூலையில கிடந்தா உனக்கு என்ன இடைஞ்சல்?"

படிக்கட்டே சிரித்தது. டார்ச் வெளிச்சத்தில் கலிப்பாவின் முகம் சிவந்திருந்தது. "வெறும் சூட்டுக்காக" என்றாள். "சூட்டுக்காக மட்டும்."

4

பெரிய அறையின் நடுவே ஒரு கயிறு கட்டி, அவளுடைய கல்யாணச் சீராக வந்த கம்பளி விரிப்பைத் தொங்கவிட்டார்கள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். ஹீட்டர் விரிப்பின் ஓரத்தில், இரண்டு பக்கமும் பார்த்தபடி.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிக்கனம் ஒரு பந்தயம் போல நடந்தது. ஜன்னல் இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் காகிதத்தை மாவுப் பசையால் ஒட்டினாள் கலிப்பா. அவர் மறுநாளே வேனில் மிச்சமிருந்த வெள்ளித் தகட்டுத் தாளைக் கொண்டுவந்து குழாய்க்குப் பின்னால் சுவரில் ஒட்டினார். அவள் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுக் குதிரை இறைச்சியையும் வெண்ணெயையும் பால்கனியில் வைத்தாள். அவர் கீசரையும் அணைத்துவிட்டுக் குளியலுக்குப் பொதுக் குளியல் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். காலையில் ஒரே முறை தண்ணீர் கொதித்துப் பிளாஸ்க்கில் ஏறிவிடும். நாள் முழுக்க அதுதான் டீ.

ஒரு மாலை அவள் சூப் வைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மூடியைப் போடு."

அவள் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை.

"என்ன சொன்னீங்க?"

"மூடியைப் போட்டா சீக்கிரம் கொதிக்கும். பாதிக் கரண்ட் மிச்சம்."

"அடேயப்பா, டிரைவர் அண்ணனுக்கு வாய் இருக்கு!"

மறுநாள் விரிப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வாசல் கதவின் அடியில் காற்று வருகிறது, பழைய கோட்டைச் சுருட்டி வைக்கலாம் என்றார். அடுத்த நாள், வெயில் இருக்கும்போது திரையை விலக்கி வை, மறைந்ததும் மூடு என்றார். அவள் பதில் சொன்னாள். அவர் அதற்குப் பதில் சொன்னார். கரண்ட்டைத் தவிர வேறெதையும் பேசவில்லை. ஆனால் கரண்ட்டைப் பற்றிப் பேச எவ்வளவோ இருந்தது.

5

[இங்கே நான் பல நாள் நின்றுபோனேன். இத்தனை வருஷம் பேசாத மனிதர் ஒரு சட்டி மூடிக்காகப் பேசுவாரா? வாசகர் நம்புவாரா? "குளிரின் இருளில் அவருக்குள் உறைந்திருந்த ஏதோ ஒன்று" என்று ஒரு வாக்கியம் தொடங்கி, வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.]

எனக்குத் தெரிந்த ஒரே வழி, கேட்டுவிடுவது. வேன் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணே, முன்னாடியெல்லாம் ஏன் பேசல?"

கொஞ்ச நேரம் சுரண்டினார். "அவ கேக்கறதுக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியாது தங்கச்சி. மக எப்ப வருவா, நாம ஏன் இப்படி இருக்கோம், என்னைப் பிடிக்குமா... இதெல்லாம் கேட்டா என்ன சொல்றது? சட்டிக்கு மூடி போடணும்னா எனக்குத் தெரியும். தெரிஞ்சதைச் சொன்னேன்."

இதைக் கலிப்பாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அவள் படிப்பாள்.

[படித்துவிட்டாள். இந்தப் பகுதி வரை எழுதியதைக் கொடுத்தேன். ஐந்தாம் பகுதியை இரண்டு தடவை படித்தாள். "என்னை எங்கேயும் அழ வச்சுடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனாள்.]

6

தோலோன் கணவாயில் பனிப்புயல் அடித்த அன்று ஜுமாதில் தலைநகரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். மாலைக்குள் வர வேண்டியவர். கணவாய் மூடிவிட்டது என்று செய்தி வந்தது. அவர் ஃபோனை எடுக்கவில்லை.

சல்தனாத் அக்காவும் நானும் துணைக்குப் போனோம். கலிப்பா கதவைத் திறந்தாள். கோட்டு போட்டிருந்தாள், வாயிலிருந்து ஆவி வந்தது. அறைக்குள் போனால் அவள் பக்கம் பனிக்கட்டியாகக் கிடக்கிறது. ஹீட்டரை முழுசாகத் திருப்பி விரிப்புக்கு அந்தப் பக்கம், அவருடைய காலிக் கட்டிலுக்கு நேராக வைத்திருந்தாள்.

"என்னடி இது? ஆளில்லாத பக்கத்துக்கா ஹீட்டர்?"

"வர்ற ஆளு விறைச்சுப் போய் வருவாரு."

"எந்த ஆளு?"

"டிரைவர் அண்ணன்" என்றாள் கலிப்பா. அவளுடைய குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை. அதன் பிறகு அவள் பேசவே இல்லை. நாங்கள்தான் ஏதேதோ பேசினோம்.

மறுநாள் மதியம் ஜுமாதில் வந்தார். புருவமெல்லாம் வெள்ளை. விரல்கள் மடங்கவில்லை. கலிப்பா அவருடைய பூட்ஸைக் கழற்றினாள், கட்டிலில் உட்கார வைத்தாள், பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றினாள். "ஃபோன் எதுக்கு வச்சிருக்கீங்க? சுத்தியலா அது?" என்று திட்டினாள். அவர் டீயைக் குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டோம்.

"வளைவுல மாட்டிக்கிட்டோம். முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் போக முடியல. டீசல் கொஞ்சம்தான். வண்டியில ஒரு கைக்குழந்தை. எல்லாரும் இஞ்சினை ஓட விடு, ஹீட்டர் போடுன்னு கத்துறாங்க. நான் சொன்னேன், மொத்த வண்டியையும் சூடு பண்ண வேண்டாம். எங்க வீட்டுல ரெண்டு அறை, ஒண்ணைத்தான் சூடு பண்றோம். எல்லாரையும் முன்பக்கம் நெருக்கி உக்கார வச்சேன். ஒரு ஆளு ரெண்டு போர்வை வாங்கிட்டுப் போறாரு. குறுக்கால தொங்க விட்டேன், நம்ம விரிப்பு மாதிரி. கதவு இடுக்குலெல்லாம் சால்வை, காலுறை. கொஞ்ச நேரம் இஞ்சின், அப்புறம் நிறுத்து, மறுபடி கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் இறங்கிப் புகைக்குழாயை மூடின பனியைத் தள்ளினேன், இல்லேன்னா புகை உள்ளே வந்துடும். ஒரு பொண்ணு கேட்டுச்சு, இதெல்லாம் எங்கேண்ணே கத்துக்கிட்டீங்கன்னு. எங்க வீட்டுல என் சம்சாரம் இப்படித்தான்னு சொன்னேன்."

நிறுத்தினார். கலிப்பாவைப் பார்த்தார்.

"முன்னாள்னு சேர்த்துச் சொல்லத் தோணல."

"குழந்தை?" என்றாள் கலிப்பா.

"தூங்குச்சு. நல்லாத் தூங்குச்சு."

அவள் காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். [அங்கே என்ன செய்தாள் என்று நான் எழுதப்போவதில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.]

7

வசந்தம் வந்தது. வீடு வாங்க ஆளும் வந்தது.

இந்த இடத்தில் என் கையில் இரண்டு முடிவுகள் இருந்தன.

ஒன்றில், விரிப்பைக் கழற்றித் தரையில் விரிக்கிறார்கள். சல்தனாத் அக்கா இறைச்சியோடு வருகிறார், படிக்கட்டே விருந்து சாப்பிடுகிறது. எழுதி முடித்துவிட்டேன்கூட. ஆனால் ஒரு நல்ல நாளும் ஒரு நல்ல பேச்சும் அத்தனை வருஷத்து மௌனத்தை ஈடுகட்டிவிடுமா? கலிப்பா இடத்தில் நான் இருந்தால் பயப்படுவேன்.

இன்னொன்றில், வீட்டை விற்றுவிடுகிறார்கள். அவள் ஒரே அறை உள்ள வீட்டுக்குப் போகிறாள். தனக்கென்று ஒரு ஹீட்டர் வாங்குகிறாள், அதன் முன் உட்கார்ந்து... [முடிக்க முடியவில்லை.]

அதனால் நடந்ததைச் சொல்கிறேன். வந்தவர்கள் சின்ன வயதுக் கணவன் மனைவி. அவன் பள்ளி ஆசிரியர், அவள் மாசமாக இருந்தாள். கலிப்பா துணைக்கு இருக்கச் சொன்னதால் நானும் நின்றேன். அவர்கள் பால்கனியைப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் சுவரோரத்துக் குழாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"குளிர்காலத்துல இந்த வீடு எப்படிக்கா? நல்லா சூடா இருக்குமா?"

நல்ல சூடு என்று சொன்னால் வீடு அன்றைக்கே போய்விடும். உண்மையைச் சொன்னால் அவர்கள் படியிறங்கிவிடுவார்கள். கலிப்பா இந்தக் கேள்விக்கு அரை நாள் பதில் சொல்லக்கூடியவள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஜன்னலோரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த ஜுமாதிலைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள்.

ஜுமாதில் தொப்பியை மேஜைமேல் வைத்தார். பேச ஆரம்பித்தார்.

அவர் சொன்னதை எல்லாம் நான் கேட்டேன். அன்று மாலையே மேலே வந்து எழுதவும் எழுதினேன். கலிப்பா அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, மடித்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இது எங்களோடது, தங்கச்சி."

"அப்ப கதையை எப்படிக்கா முடிக்கறது? வித்தீங்களா, இல்லையான்னு கேப்பாங்களே?"

"படிக்கிறவங்களையே யோசிச்சுக்கச் சொல்லு. அவங்களும் ஒரு குளிர்காலத்தை யார் கூடவாவது ஓட்டியிருப்பாங்கல்ல?" கதவு வரை போனவள் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. அன்னிக்கு அவருதான் பேசினாரு, நான் உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். அதை மட்டும் எழுதிடு."

எழுதிவிட்டேன்.