பரீது கேட்ட மழை

அறுபத்திரண்டாம் வருடத்து ஆனியில் குற்றாலம் செத்துக் கிடந்தது. சாரல் இல்லை. அருவி விழுகிற இடத்தில் வெறும் பாறை, எலும்பு மாதிரி. குரங்குகள்கூடச் சத்தம் போடவில்லை.

தென்காசிப் பள்ளிவாசலில் மழைத் தொழுகைக்கு நாள் குறித்தார்கள். பரீது மட்டும் வர மாட்டேன் என்றான். சென்னையில் அணுக்கதிர் ஆராய்ச்சி செய்கிறவன்; விடுமுறைக்கு ஊர் வந்திருந்தான். அணுகுண்டை ஒழிக்க வேண்டுமென்று மேடையேறிப் பேசுகிறவன். ஐவேளைத் தொழுகை தவறாதவன். சித்திரையில் பெய்த கோடை மழையை மாடியில் தட்டு வைத்துப் பிடித்து, வற்றவிட்டு, மிஞ்சிய தூளைக் கருவியில் சோதித்திருந்தான். முந்தின ஐப்பசியில் வடதுருவத்துப் பக்கம் வெடித்த குண்டின் சாம்பல் உலகத்தைச் சுற்றிவிட்டு இங்கே இறங்கிக்கொண்டிருந்தது. உடனே யாரும் சாக மாட்டார்கள். புல்லில் ஏறும், பாலில் ஏறும், பிள்ளைகளின் எலும்பில் போய் உட்காரும்.

“மழை வேண்டாம்னா சொல்லுத?” அக்கா ஹைருன் பீவி கேட்டாள். இடுப்பில் பால்குடிப் பிள்ளை. “கெணத்துல சேறுதாம்லே கெடக்கு. எனக்குப் பாலும் வத்திட்டு. குண்டு போட்டவன்ட்டப் போயி சொல்லு. அல்லாட்ட எதுக்கு மல்லுக்கு நிக்க?”

“அவன்ட்டயும்தான் எழுதிக்கிட்டு இருக்கேன், லாத்தா.”

“பதில் போட்டானா?”

“இல்ல.”

“அப்பம் கெளம்பு.”

வறண்ட சிற்றாற்று மணலில் கூடினார்கள். எல்லாரும் பழந்துணியில். கைப்பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்துத் தனியே கிடத்தினார்கள். அதுகள் அழுதால் இறைவன் இரங்குவான் என்பது நம்பிக்கை. பிள்ளைகள் வீறிட்டன. தொழுகை நடத்திய ஆலிம்சா மேல்துண்டைப் புரட்டிப் போட்டு, புறங்கை வானம் பார்க்கக் கைகளைத் தூக்கினார். அவர் ஓதிய ஒவ்வொரு வரிக்கும் கூட்டம் ஆமீன் என்றது. பரீது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மழையைக் கேட்டால் பிள்ளைக்கு நஞ்சு. கேட்காவிட்டால் பிள்ளைக்குத் தாகம்.

மேகம் மலையிலிருந்து வரவில்லை. ஆனியில் மழையே வராத கிழக்கிலிருந்து வந்தது. காற்று அசையவில்லை. முதல் துளி விழுந்ததும் பிள்ளைகள் அத்தனையும் ஒன்றாக அழுகையை நிறுத்தின. மல்லாந்தபடியே வாயைத் திறந்தன.

பரீது ஓடினான். அக்கா பிள்ளையைத் தூக்கிச் சட்டைக்குள் பொதிந்து குனிந்துகொண்டான்.

“ஏலே, மொகத்த மூடாத! அல்லா எறக்குன ரஹ்மத்துலே!” ஹைருன் கத்தினாள்.

உள்ளே பிள்ளை அவனுடைய நனைந்த சட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது. அதன் உதடு வெடித்திருந்தது. பரீது சட்டையை விலக்கினான். மழை அதன் வாயில் விழுந்தது. விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தது.

ஆலிம்சா அடுத்த வரியை முடித்தார். கூட்டம் மொத்தமும் வாயைத் திறந்து மழையை ஏந்திக்கொண்டு நின்றது. ஆமீன் என்று ஒரே ஒரு குரல் கேட்டது. அது தன் குரல் என்று தெரிய பரீதுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.