கையை நீட்டினால் வரும் கட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்தக் கம்பெனியில் சங்கு ஊதினாலும் திடுக்கிட்டு எழுகிற ஆள் வாட்ச்மேன் முனிகிருஷ்ணன். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தன் மனைவி எல்லம்மாவின் முதுகு கண்ணில் பட இத்தனை வருஷம் ஆயிற்று. அவள் அடிபம்பில் தண்ணீர் அடிக்க, இவர் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கைகளை முன்னால் நீட்டி அவள் குனிந்தபோது, தோள்பட்டை எலும்புக்குக் கீழே சாத்துக்குடி அளவுக்கு ஏதோ புடைத்தது.

"எல்லம்மா, முதுவுல இன்னா அது?"

"கை தூக்கினா லேசா கடக்குங்குது, அவ்ளோதான். நீ டீயக் குடி."

டீ இறங்கவில்லை. கேன்சர் என்றே முடிவு கட்டிவிட்டார். அன்று சாயங்காலம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டார். காய்ந்ததும் தடவிப் பார்த்தால் கட்டியைக் காணோம். "கரைஞ்சிட்ச்சி!" என்று தெருவுக்கே சொன்னார். மறுநாள் அவள் பம்பைப் பிடித்ததும் அது மறுபடி வந்து நின்றது. கையைத் தொங்கவிட்டால் உள்ளே போய்விடுகிற கட்டி என்று அவருக்கு யார் சொல்வது? மறுபடி பத்து, மறுபடி சந்தோஷம், மறுபடி கட்டி. மனுஷன் பேஜாராகிப் போனார். டியூட்டியிலிருந்து போன் மேல் போன்.

"கைய நீட்டிப் பாரு. இருக்குதா?"

"ஊட்டு வேலைய பாத்துக்கினு இருக்கேன்யா. போன வை."

அதற்குப் பிறகு பம்பை அவளைத் தொடவே விடவில்லை. குடங்களை அவரே தூக்கினார். நாஷ்டாவும் அவர்தான், தோசை தினமும் கருகியது. எல்லம்மா காலை நீட்டி உட்கார்ந்து அதைச் சாப்பிட்டாள். கல்யாணமான நாளாக அவளுக்கு யாரும் தட்டில் போட்டுக் கொடுத்ததில்லை. இப்படியே செத்தாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு தடவை தோன்றியது.

திருவள்ளூரில் ஸ்கேன் எடுத்தார்கள். முனிகிருஷ்ணன் வெளியே நடையாய் நடந்துகொண்டிருக்க, உள்ளே டாக்டரம்மா சிரித்தார்.

"கேன்சர் இல்லைம்மா. அபூர்வமா வர்ற சதை வளர்ச்சி, ஆபத்து கிடையாது. வருஷக்கணக்கா தோளுக்கு ரொம்ப வேலை குடுத்தவங்களுக்கு வரும்னு சொல்றாங்க. வலிச்சா மட்டும் எடுத்துக்கலாம்."

"டாக்டரம்மா, எங்க ஊட்டுக்காரராண்ட இப்பவே சொல்லாதீங்க."

"ஏம்மா?"

"ஒரு மாசம் போவட்டும். அதுவரைக்கும் தண்ணி தூக்குவாரு."

டாக்டரம்மா அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். அவள் புருஷனை உள்ளே கூப்பிட்டு ஸ்கேன் முடிவை முழுசாகச் சொன்னார். முனிகிருஷ்ணன் கும்பிட்டார், குழந்தை மாதிரி தேம்பினார். நடிப்பில்லை. அவள் போய்விடுவாளோ என்று உண்மையிலேயே ஆடிப்போயிருந்தார்.

பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். அவர் முகத்தில் பழைய தெம்பு வந்துவிட்டது.

"அப்பாடா! இனிமே பயமில்ல. நாளைக்கி நீயே தண்ணி அடிச்சிக்கலாம்."

கேன்சராக இருக்குமோ என்றபோது வராத அழுகை எல்லம்மாவுக்கு அப்போது வந்தது.

"இன்னாமே, அதான் ஒண்ணியும் இல்லன்ட்டாங்களே, இன்னும் ஏன் அழுவுற?" என்று அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.